ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி

ஒஸ்லோ
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் சீனி வருத்தமும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். என் சுகத்துக்குக் குறைவில்லை. புதுக் காதுக் கருவியோடு தொலைபேசி ஒத்துவரவில்லை, "நீ கதைக்கிறது மழை பெய்யிற மாதிரிக் கேக்குது" என்று போன முறை சொன்னீர்கள். என் தொலைபேசியில் கமராவும் பழுது. ஆகவே இனிக் கடிதம்தான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நானும் கரோலினாவும் பிரிந்ததோடு எங்கள் ஹவுகன்ஸ்டுவா வீடு கைமாறிவிட்டது. அவளும் மகள் ஷரோனும் லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய சாமான் இரண்டு லொறி. என்னுடையது காரிலேயே அடங்கிவிட்டது.

புது இடம் கடலோரம். சின்னதுதான், தனி ஆளுக்குக் காணும். யன்னலைத் திறந்தால் தண்ணீர். காலையில் வாத்துகள் வந்து பாண் கேட்கின்றன. இப்படி ஓர் இடத்துக்கு இந்த நகரத்தில் ஆட்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் கடிதப் பெட்டி இன்னும் பொருத்திப் பூட்டவில்லை. உறையில் உள்ள அஞ்சலகப் பெட்டி எண்ணுக்கே எழுதுங்கள்.

வேலை பழையபடி சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து மடித்து என் கை தானாகவே மடிக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி
அருளானந்தன்

*

துரொண்ட்ஹெய்ம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி அருளுக்கு,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் எழும்பி நடமாடுகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து ஐந்தாம் வகுப்பில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கடலோர வீடு என்று வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோருக்கும் சொன்னேன். "அருளானந்தனோ? கடலைப் பாத்தபடியோ?" என்று பரமநாதனின் மனைவி வாய் பிளந்தாள். பிளக்கட்டும். பிரிந்துபோனவன் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறான் என்று கதை கட்டியவர்களுக்கு இது போதும்.

வீடு மந்திரித்தாயா? சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிக்காமல் புது வீட்டில் படுக்கக் கூடாது என்று உனக்குத் தெரியாதா? ஒக்டோபர் செபமாலை மாதம் வருகிறது. மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும்போது உன் பெயரையும் பட்டியலில் போடச் சொல். பத்துப் பேருக்குத் தேநீர் ஊற்ற உனக்குத் தெரியும்தானே.

மகள் எமிலியாவின் கல்யாண அல்பம் வந்துவிட்டது. நீ வராததை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வீட்டைப் படம் எடுத்து அனுப்பு. கமரா பழுது என்றால் யாரிடமாவது கடன் வாங்கு.

செபத்தில் உன்னை நினைக்கும்
அக்கா அனஸ்ரேசியா

*

(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

6 ஒக்டோபர் 2024

அக்கா,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. நேரே சொல்கிறேன். என்னிடம் வீடு இல்லை. நான் ஒரு படகில் இருக்கிறேன். இருபத்தொன்பது அடி, பழைய படகு. கூட வேலை செய்தவன் கொடுத்தான். யன்னலைத் திறந்தால் தண்ணீர் என்று எழுதியது பொய்யில்லை. மிச்சமெல்லாம் பொய்.

குளிர்காலத்தில் இங்கே குடியிருக்கக் கூடாது என்று துறைமுக வாசலில் பலகை போட்டிருக்கிறார்கள். மற்றப் படகுகளைப் போல நானும் மேலே படங்கு போட்டு மூடி, அதற்குள்ளே இருக்கிறேன். வெளியே போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் களவாகப் படம் பார்க்கப் போன பையன் மாதிரி.

போன கிழமை மீன் பொரித்தேன். பக்கத்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்த பெண் மூக்கைத் தூக்கிப் பார்த்து, "நீங்கள்தான் சமைக்கிறீர்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றே கூரையில் இருந்த இரண்டு காற்றுக் குழாய்களுக்குள்ளும் துவாயைச் சுருட்டி அடைத்தேன். கதவின் கீழிடுக்கையும் அடைத்தேன். இப்போது வாசமும் வெளியே போகாது, குளிரும் உள்ளே வராது. கரை மின்சாரம் விளக்குக்கும் கேத்திலுக்கும்தான் காணும். சூட்டுக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கிறது.

சுவரில் முன்னைய சொந்தக்காரன் பூட்டிய வெள்ளைப் பெட்டி ஒன்று. சமைக்கும்போது கத்தத் தொடங்கிவிட்டது. ஊர் கூடிவிடும் என்று பதறிப்போனேன். ஹவுகன்ஸ்டுவாவில் மிளகாய் வறுக்கும்போது புகை மணிக்குச் செய்வதைத்தான் செய்தேன். ஒரு பொலித்தீன் பையை மாட்டி ரப்பர் போட்டேன். அதற்கும் அடங்கவில்லை. பற்றரியைக் கழற்றிவிட்டேன். எங்கள் சாப்பாட்டைக் கண்டால் இந்த நாட்டில் பெட்டிகூடக் கத்துகிறது.

இதை உங்களுக்கு எப்படி அனுப்புவேன்? நீங்கள் பூசை முடிந்து எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்கள்.

*

ஒஸ்லோ
7 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அங்கே அதைவிட முந்தியிருக்கும். காலுக்குக் கம்பளி போடுங்கள்.

சுவாமிக்கு இப்போது நேரம் இல்லையாம், மந்திரிப்பு பிறகுதான். செபமாலைக்கும் இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. கதிரை காணாது.

ஒரு சின்னத் தொல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையிடி. வேலை நாளில் தொழிற்சாலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் பறந்துவிடும். ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தால் மண்டையை இறுக்கிக் கட்டிய மாதிரி இருக்கிறது, வயிற்றையும் பிரட்டுகிறது. ஓய்வு எனக்கு ஒத்துவராத சாமான் போல.

நீங்கள் பயப்படுமளவுக்கு ஒன்றுமில்லை.

தம்பி அருள்

*

துரொண்ட்ஹெய்ம்
3 நவம்பர் 2024

என் அன்புத் தம்பிக்கு,

இறந்தவர்கள் திருநாளுக்கு அப்பு ஆச்சிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். எனக்குச் சுகம். அத்தானுக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

உன் தலையிடிக்குக் காரணம் கேட்கிறாயா? நான் சொல்கிறேன். வேலை நாளில் பறந்துபோகிற தலையிடி ஞாயிறு மட்டும் நின்று பிடிக்கிறதென்றால் என்ன அர்த்தம்? நீ பூசைக்குப் போவதில்லை. ஒஸ்லோவில் இருந்து ஒருத்தி வந்தவள், "உங்கட தம்பியைக் கோயில் பக்கம் காணேல்லை" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் வெட்கத்தில் கையில் இருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன். ஆண்டவர் உன் மண்டையில் தட்டிக் கூப்பிடுகிறார். போ.

இரத்த அழுத்தத்தையும் பார். கொத்தமல்லி அவித்துக் குடி. தைலம் பூசிக் கதவு யன்னலைச் சாத்திப் படு, காற்றுப் படாதே.

மன்னாரில் இருந்து வந்த கருவாடு ஒரு பொதி அனுப்புகிறேன். நாலு பை போட்டுக் கட்டியிருக்கிறேன், அஞ்சல்காரன் மோப்பம் பிடித்தாலும் பிடிக்கட்டும்.

படம் இன்னும் வரவில்லை.

அக்கா

*

ஒஸ்லோ
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். மருந்து மாற்றிய பிறகு அத்தானின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? கருவாடு பத்திரமாக வந்தது. வாசம் வரும் என்பதால் ஒரு நல்ல நாளுக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போனேன். நீங்கள் சொன்னது சரி. வெளியே போய்வந்த அந்த இரண்டு நாளும் தலை தெளிவாக இருந்தது. போகாத நாளில் திரும்ப வந்துவிட்டது. உங்களிடம் தோற்றுப்போனேன் என்று எழுத்தில் தருகிறேன்.

நத்தாருக்கு வர வசதிப்படாது. ஷரோன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். திருத்த வேலை நடக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்போத்தேக் மருந்துக் கடையில் மருந்து கொடுக்கும் பிள்ளை, சிரித்துக்கொண்டே கேள்வி கேட்கப் பழகியிருக்கிறாள்.

எல்லாம் சுகம்.

அருள்

*

துரொண்ட்ஹெய்ம்
19 ஜனவரி 2025

அன்புத் தம்பி,

புது வருடத்தில் உனக்கு உடல் சுகமும் மனச் சுகமும் கிடைக்க வேண்டுகிறேன். எங்களுக்குக் குறையில்லை.

ஷரோன் தொலைபேசியில் கூப்பிட்டாள், அத்தான் அவள் சொன்னதையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொன்னார். "மாமி, பப்பாட விலாசத்தைத் தாங்கோ" என்றாள். அஞ்சலகப் பெட்டி எண்ணைச் சொன்னேன். பிறகு, "பெட்டிக்குள்ளயோ மாமி பப்பா இருக்கிறார்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி, என்ன திருத்த வேலையோ எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. பெற்ற பிள்ளைக்குக் கதவைத் திற. மகள் வந்தால் கதிரையா எண்ணுவாள்? அந்தக் கருவாட்டைச் சமைத்துக் கொடு.

அக்கா

*

துரொண்ட்ஹெய்ம்
20 பெப்ரவரி 2025

தம்பி,

நீ சுகமா? ஒரு மாதமாக எழுத்தில்லை. தொலைபேசியும் எடுக்கிறாய் இல்லை. அத்தானைக் கொண்டு கரோலினாவுக்கு எடுப்பித்தேன். "ஷரோன் ஆஸ்பத்திரியில். கேக்கிறதெண்டால் உங்கட தம்பியைக் கேளுங்கோ" என்று வைத்துவிட்டாளாம்.

என்ன நடந்தது? ஒரு வரி எழுது. எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அக்கா

*

ஒஸ்லோ
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

உங்களைச் சாப்பிடாமல் இருக்க வைத்ததற்கு முதலில் மன்னிப்பு. ஷரோன் உயிரோடு இருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தை வாசியுங்கள். ஒக்டோபரில் எழுதி அனுப்பாமல் வைத்த தாள் ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அதை முதலில் வாசியுங்கள், நான் எங்கே இருந்தேன் என்று விளங்கும்.

பெப்ரவரி இரண்டு, ஞாயிறு. ஷரோன் கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். "இண்டைக்கு உங்களோட வாறன் பப்பா" என்று காரில் ஏறிவிட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். படகைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே இறங்கி, கட்டிலில் குந்தி, "வடிவாத்தான் இருக்குது" என்றாள். சுவரில் இருந்த பெட்டியையும் பொலித்தீன் பையையும் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சின்ன வயதில் கரோலினா மிளகாய் வறுக்கும்போது கதிரையில் ஏறிப் பை மாட்டுவது அவளுடைய வேலை. மருந்து படித்த பிள்ளைக்கும் அது என்ன பெட்டி என்று தோன்றவில்லை.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வாசம் போகாதிருக்கத் துவாய்களை இன்னும் இறுக்கினேன், படங்கையும் இழுத்துக் கட்டினேன். வெளியே பனிமழை. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். இரண்டு பேரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டோம். தலை இடிக்கிறது என்றாள், தைலம் கொடுத்தேன். பிறகு கண்ணைச் செருகியது. உண்ட களை என்று சிரித்தேன். படு பிள்ளை என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

மண்ணெண்ணெய் குறைந்திருந்தது. காரில் இருந்த கலனை எடுக்க வெளியே வந்தேன். கால் இரண்டும் என்னுடையது இல்லை. படகு கட்டியிருக்கும் மரப் பாலத்துப் பலகையிலேயே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குளிர் காற்றில் தலை தெளிந்ததும் உள்ளே போனேன். ஷரோனின் கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. பிள்ளை சுகமாக நித்திரை கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். தட்டினேன், எழும்பவில்லை. கத்தினேன், எழும்பவில்லை. எப்படித் தூக்கினேனோ தெரியாது, பாலத்துக்கு இழுத்துவந்து கிடத்திவிட்டு அம்புலன்சுக்கு, 113க்கு அடித்தேன்.

அக்கா, இனி எழுதப்போவது பொலிசுக்கும் சொல்லாதது. கரோலினாவுக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நான் ஹவுகன்ஸ்டுவா விலாசத்தைச் சொன்னேன். முப்பது வருடம் சொல்லிப் பழகிய வாய், தவறி வந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்லலாம். அது பொய். யோசித்துத்தான் சொன்னேன். அம்புலன்ஸ் இங்கே வந்தால் நான் படகில் கிடக்கும் கதை ஊரெல்லாம் போகும் என்று யோசித்தேன். பிள்ளையைக் காரில் ஏற்றி அந்தப் பழைய வாசலுக்குக் கொண்டுபோகலாம் என்றுகூட யோசித்தேன். "உங்கள் தொலைபேசி கடற்கரையில் காட்டுகிறதே, நிச்சயமா?" என்று அவள் கேட்டாள். நிச்சயம் என்றேன். ஷரோன் சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுத்தாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். உண்மை வர நாலு நிமிடம் எடுத்தது. தொலைபேசி அதைக் கணக்காகக் காட்டுகிறது.

அது கார்பன் மொனொக்சைட். இங்கே குல்லோஸ் என்பார்கள். அடுப்போ ஹீட்டரோ காற்றுப் போதாமல் எரிந்தால் வருமாம். நிறமில்லை, மணமில்லை. நான் மீன் மணத்துக்குப் பயந்து அடைத்த குழாய்கள் அந்த ஹீட்டருக்கு மூச்சு. அந்தப் பெட்டி புகை மணியும் இல்லை, அது மூக்குக்குத் தெரியாத இந்த நஞ்சைத்தான் சொல்லிச் சொல்லிக் கத்தியிருக்கிறது. அதற்கு நான் வாயைக் கட்டினேன். என் ஞாயிற்றுத் தலையிடியும் இதுதான். கோயிலுக்குப் போனபோது மாறியது வெளியே நல்ல காற்றில் நின்றதால். வீட்டைவிட்டு வந்தால் மாறுகிற தலையிடி என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

ஷரோனை அழுத்த அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். இப்போது லில்லெஸ்ட்ரோமில் தாயோடு இருக்கிறாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது. மருந்துக் குளிசை எண்ணச் சொன்னால் பாதியில் நின்று திரும்பத் தொடங்குகிறாள். மாதக்கணக்கில் திருந்தும் என்கிறார்கள். திருந்தாமலும் போகலாம் என்பதை மெதுவாகச் சொல்கிறார்கள்.

துறைமுகத்தைப் பார்க்கும் மார்க்கஸ் மறுநாள் வந்து துவாய்களை இழுத்தெடுத்தான். குளிர்காலத்தில் தங்க ஏழு படகுக்கு அனுமதி இருக்கிறதாம். கேட்டிருந்தால் உன்னையும் பட்டியலில் போட்டிருப்போம், வந்து ஹீட்டரையும் பார்த்திருப்போம் என்றான். அவன் ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத
அருளானந்தன்

*

துரொண்ட்ஹெய்ம்
16 மார்ச் 2025

தம்பி,

முதலில் இதைச் சொல். இப்போது நீ படுக்கும் இடத்தில் காற்று வருகிறதா? பெட்டிக்குப் பற்றரி போட்டாயா? மற்றதெல்லாம் பிறகு.

உன் கடிதத்தை அத்தான் வாசித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு யன்னலைச் சாத்திப் படு என்று எழுதியவள் நான். கருவாடு அனுப்பியவளும் நான். அதுகூடப் பரவாயில்லை, தெரியாமல் செய்தது. தெரிந்து செய்ததைச் சொல்கிறேன், கேள்.

நீயும் கரோலினாவும் பிரிந்த செய்தி வந்தபோது, எமிலியாவின் கல்யாணம் முடியுமட்டும் இந்தப் பக்கம் வராதே, சம்பந்தி வீட்டார் கதைப்பார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னாய். போக இடமிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பிறகு கடலோர வீடு என்று எழுதினாய். அஞ்சலகப் பெட்டி, படம் இல்லை, கதிரை இல்லை. எனக்குக் காதுதான் மந்தம், புத்தியில்லை. ஏதோ பிழை என்று ஒக்டோபரிலேயே தெரியும். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. கோயிலில் சொன்ன பெருமையைத் திருப்பி எடுக்க வெட்கம். உன் நாலு நிமிடத்தைச் சொல்லி அழுகிறாய். என்னுடையது ஐந்து மாதம்.

ஷரோனுக்குச் சொல். தாய்க்குச் சொல்ல முதல் பிள்ளைக்குச் சொல். அவள் மன்னிப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். அவளுடைய உயிரின் நாலு நிமிடம், அது அவளுக்குத் தெரிய வேண்டியது.

இன்று பூசை முடிந்து பரமநாதனின் மனைவியிடம் போய், என் தம்பி படகில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவள், "குளிருமே அனஸ்ரேசியா" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

அனஸ்ரேசியா

*

ஒஸ்லோ
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நான் மூச்சு முட்டாமல் இருக்கிறேன். குழாய்கள் திறந்திருக்கின்றன, புதுப் பெட்டி இரண்டு பூட்டியிருக்கிறது, கிழமைக்கொரு தரம் பொத்தானை அமத்திக் கத்த வைத்துப் பார்க்கிறேன். உங்கள் இருவரின் சுகத்துக்கும் அறிய ஆவல்.

இன்று லில்லெஸ்ட்ரோமுக்குப் போனேன். கரோலினா கதவைத் திறந்தாள். குசினி மேசையில் ஷரோன் இருந்தாள். வரும் வழியில் ரயிலில் பாடமாக்கிக்கொண்டு போனதெல்லாம் அவளைக் கண்டதும் அழிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னேன். விலாசத்தை மாற்றிச் சொன்னேன், யோசித்துத்தான் சொன்னேன், நாலு நிமிடம் என்று சொன்னேன்.

ஷரோன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஒரு வசனம் சொல்லச் சுணங்கும், ஆகவே நாங்கள் காத்திருக்கப் பழகியிருக்கிறோம்.

"தெரியும் பப்பா," என்றாள். "எனக்குக் கேட்டது."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அண்டைக்கு எனக்கு அது மட்டும்தான் ஞாபகம். நீங்கள் எங்கட பழைய விலாசத்தைச் சொன்னது. நான் வீட்டிலதான் கிடக்கிறன், எங்கட அறையில, அம்மாவும் நிக்கிறா எண்டு நினைச்சன். நல்ல சந்தோசமா இருந்தது. இனிப் பயமில்லை எண்டு திரும்பக் கண்ணை மூடினனான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் அக்கா, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து. கரோலினா எழும்பிப்போய், கழுவி வைத்த கோப்பைகளையே எடுத்துத் திரும்பக் கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் கோபப்படுவாள் என்றுதான் போனேன், கோபத்துக்குத் தயாராக இருந்தேன். என் வெட்கத்துக்காக நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை பயமில்லாமல் சாகப் போயிருக்கிறாள். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் வரவில்லை. இரண்டு பேரும் சொல் தேடிக்கொண்டு அந்த மேசையில் இருந்தோம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி
அருளானந்தன்